எடையை ஏலம் விட்ட நர்ஸம்மா

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண்களே, ஊசி போடுவது எப்படி, பதிவேடு எழுதுவது எப்படி என்றெல்லாம் நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்குப் பயிற்சி வகுப்பு இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்காமல் உட்கார்ந்திருந்தால் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது என் வாயைப் பற்றி. கிராம நர்ஸாக முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியிருக்கிறேன். இத்தனை வருடத்தில் என் கையால் ஒருவருக்கும் பெரிய கெடுதல் வந்ததில்லை. வாயால் வந்தது. அதை நானே சொல்லிவிட்டால், வேறு யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு என்னைத் திட்டுகிற வேலை உங்களுக்கு மிச்சம்.

நான் காரைக்கால் பக்கத்து விழிதியூர்க்காரி. வயலும் வாய்க்காலுமாக வளர்ந்தவள். மீனை வறுத்து வைத்தால் எத்தனை துண்டு தின்பேன் என்று கேளுங்கள், சொல்வேன். அது கடலில் எப்படித் திரியும் என்று கேட்டால் முழிப்பேன். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் மண்டபத்தூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் போட்டார்கள். எந்தக் குப்பம் என்று கேட்காதீர்கள். இதில் வருகிறவர்கள் இன்றைக்கும் நன்றாக இருக்கிறார்கள், நீங்கள் போய் அவர்கள் வாசலில் எட்டிப் பார்க்க வேண்டாம். போன புதிதில் தினமும் காலையில் கரைக்குப் போய் ஏலம் பார்ப்பேன். படகு வந்ததும் மீனைக் கூறு கூறாகக் கொட்டுவார்கள். ஏலக்காரர் தொண்டை கிழியக் கூவுவார். கூடையோடு நிற்கிற பெண்கள் கண்ணாலேயே எடை போட்டுவிடுவார்கள். எனக்கு அது திருவிழா பார்க்கிற மாதிரி. வேலைக்கு நேரமாவதே தெரியாது.

அப்புறம் சுனாமி வந்தது. அதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை, உங்கள் வீடுகளிலும் அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசியிருப்பார்கள். நான் சொல்வது அதற்கு அடுத்த வருடம். பள்ளிக்கூடம் திறந்து பல மாதம் ஆகியும் பிள்ளைகள் சிரிக்கவில்லை. விளையாட்டு நேரத்தில் கூட வராந்தாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். எடை பார்க்கிற நாளன்று வரிசையாக வரும், மிஷினில் ஏறும், இறங்கும். ஒரு சத்தம் இருக்காது. எனக்கு அந்த அமைதி பிடிக்கவே இல்லை. நான் இருக்கிற இடத்தில் அமைதி இருப்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது.

ஒரு நாள் முதல் வகுப்புப் பொடியன் ஒருவன் மிஷினில் ஏறினான். முள் அசைந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, ஏலக்காரர் குரலில் ஆரம்பித்துவிட்டேன். "வாங்கம்மா வாங்க, நெத்திலி ஒண்ணு வந்திருக்கு, இப்பதான் கரையேறுன நெத்திலி, ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவி, எடையையும் சேர்த்துச் சொல்லி, "மூணு தரம்" என்று அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். பின்னால் நின்ற பெண் குழந்தை களுக்கென்று சிரித்தது. அப்புறம் மொத்த வராந்தாவும் சிரித்தது. தலைமையாசிரியர் அறையிலிருந்து ஓடி வந்து பார்த்தார், அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு விட்டேனா? ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மீன் பெயர் வைத்தேன். ஒல்லியானது கிழங்கான், கொஞ்சம் சதை பிடித்தது சங்கரா, உயரமாக வளர்ந்தது வஞ்சிரம். எடை பார்க்கிற நாள் வந்தால் பிள்ளைகள் காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். "நீங்க வந்தாத்தான் சிஸ்டர் இது பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு" என்பார் தலைமையாசிரியர். நான் பூரித்துப் போவேன். ஏற்கெனவே நான் ஏறினால் மொபெட் முனகும், இதில் பூரிப்பு வேறு.

கோமதி என்று ஒரு பெண். இது நான் வைத்த பெயர். அப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. நல்ல கட்டுமஸ்தான பிள்ளை, கன்னம் இரண்டும் பொம்மென்று இருக்கும். சுனாமியில் அவளுடைய மூன்று வயதுத் தம்பி போய்விட்டான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவள் மிஷினில் ஏறியபோது, "எல்லாரும் தள்ளுங்க, சுறா வருது, வலை தாங்காது" என்று கூவினேன். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். உதடு விரிந்ததைப் பார்த்தேன், கண்ணைப் பார்க்கவில்லை. அடுத்த பிள்ளையை ஏலம் விடப் போய்விட்டேன்.

இரண்டு வருடம் ஓடியது. ஏழாம் வகுப்புக்கு வந்த கோமதி, எடை பார்க்கிற நாளில் எப்போதும் கழிப்பறையில் இருப்பாள், இல்லாவிட்டால் லீவு. ஒரு நாள் நான் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்று பிடித்துவிட்டேன். ஆடி வெயிலில் முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். சுனாமி நிவாரணத்தில் வந்த ஸ்வெட்டர். காரைக்காலுக்கு ஸ்வெட்டர் அனுப்பிய புண்ணியவான் யாரோ தெரியாது, அதை ஒருத்தி உண்மையிலேயே போட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான். மிஷினில் ஏறினாள். முள்ளைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. எத்தனை கிலோ என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். எண்ணைச் சத்தமாகச் சொன்னதுதான் இங்கே வினையே.

திக்கென்றதும் வாயை மூடியிருக்க வேண்டாமா? சுற்றிப் பிள்ளைகள் காத்துக்கொண்டு நிற்கிறார்கள், ஏலம் நின்றால் நன்றாக இருக்காது என்று நினைத்தேன். "அட, நம்ம சுறா இளைச்சு சங்கராவா ஆயிடுச்சே" என்று கூவினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். கோமதி அப்போது சிரித்தாள் பாருங்கள், அது கண்ணிலிருந்து வந்த சிரிப்பு. பரிசு வாங்கின பிள்ளை சிரிக்கிற சிரிப்பு. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மண்டூகம், மண்டூகம். அவளுக்குப் பரிசு கொடுத்ததே நான்தான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அப்புறம் வைத்தியம் தொடங்கினேன். முதலில் பூச்சி மாத்திரை. அப்புறம் இரும்புச் சத்து மாத்திரை. அவள் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்தப் பெண் தலையில் மீன் கூடையோடு வாசலிலேயே நின்று, "வயசுக்கு வர்ற நேரம் நர்ஸம்மா, அப்டித்தான் இருக்கும்" என்றாள். மறு வாரம் அவளுக்கே சந்தேகம் வந்து, பிள்ளையை அம்பகரத்தூர் அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு வந்தாள். கயிறு இரண்டு வாரத்தில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. அவ்வளவு தொளதொளப்பு.

கடைசியில் என் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன், என் சமையல். நான் வைக்கிற நெத்திலிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று சொன்னவர்கள் கிடையாது. தினமும் மதியம் என் துணை சுகாதார நிலையத்துக்கு வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று கோமதிக்கு உத்தரவு போட்டேன். மறுக்காமல் வந்தாள். நான் தட்டில் போட்டுக் கொடுத்தால், "கொல்லையில காத்து நல்லா வருது நர்ஸம்மா, அங்க உக்காந்து சாப்புடுறேன்" என்று எடுத்துப் போவாள். துடைத்த மாதிரி தட்டு திரும்பி வரும். நான் என் கைமணத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், குப்பத்து நாய்கள் எல்லாம் எலும்பும் தோலுமாகத் திரிய, எங்கள் கொல்லை நாய் மட்டும் நடக்க முடியாமல் நடக்கிறது. மாசமாக இருக்கிறதோ என்று நினைத்தேன். அது ஆண் நாய்.

கையும் களவுமாகப் பிடித்து நிற்க வைத்துத் திட்டினேன். "ஊர்ல எத்தனை பேரு சோத்துக்கு இல்லாம இருக்கான், நீ நாய்க்குப் போடுறியா" என்று ஆரம்பித்து, மூச்சு வாங்கும் வரைக்கும் பேசினேன். அவள் காலித் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து வரவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கிற நேரம். வரிசையில் நின்றவள் அப்படியே சரிந்துவிட்டாள் என்று தலைமையாசிரியர் போன் செய்தார். ஓடிப் போய் நாடி பிடித்தேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் நாடி அவ்வளவு மெதுவாக ஓடக் கூடாது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு காரைக்கால் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அவள் அம்மா மார்க்கெட்டில் மீனைப் போட்டது போட்டபடி ஓடி வந்தாள். உடனே படுக்கையில் சேர்த்து டிரிப் ஏற்றினார்கள்.

வாரத்துக்கு ஒரு நாள் வருகிற மனநல டாக்டர் ஒருவர் இருந்தார். என்னைவிட ரொம்பச் சின்னவர், மெதுவாகப் பேசுவார். நல்லவேளையாக அன்றைக்கு அவர் வருகிற நாள். அவர் பிள்ளையோடு உட்கார்ந்து பார்த்தார், அவள் வாயைத் திறக்கவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார். பூச்சி மாத்திரை, கயிறு, நெத்திலிக் குழம்பு, நாய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். நாய் வந்த இடத்தில் சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. "இதயம் ரொம்பக் களைச்சுப் போயிருக்கு சிஸ்டர். இப்ப டிரிப்புல நிக்குது. வீட்டுக்குப் போய் இப்டியே இருந்தாள்னா, அடுத்த தடவை நம்ம கையில இருக்காது" என்றார்.

"என்னதான் டாக்டர் செய்யுறது, கேட்டா சொல்ல மாட்டேங்குறா" என்றேன்.

"என்ன கேட்டீங்க?"

"ஏன் சாப்புட மாட்டேங்குறன்னு."

"அதை எல்லாருமே கேட்டாச்சு. லேசா ஆயிட்டு என்ன பண்ணப் போறேன்னு யாராவது கேட்டீங்களா?" என்றார். அவரே தொடர்ந்து, "நீங்க கேட்டுப் பாருங்க. உங்களை அவளுக்குத் தெரியும். சாப்பாட்டைப் பத்திப் பேசாதீங்க. அடுத்த வாரம் நான் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் போனேன். கட்டிலில் உட்கார்ந்தேன், கட்டில் கிறீச்சென்றது. அவள் லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மறைவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, "உன்னை நான் சுறான்னு கூப்புட்டது தப்பு கோமதி. மன்னிச்சுக்க" என்றேன்.

"நெசத்தத்தானே சொன்னீங்க" என்றாள்.

அவள் போர்வையைச் சரி செய்துவிட்டு, டாக்டர் சொன்ன கேள்வியைக் கேட்டேன். "சரி, நல்லா லேசா ஆயிட்டா என்ன பண்ணுவே?"

"நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்." ஸ்வெட்டர் கையை இழுத்து விட்டுக்கொண்டாள். "திரும்ப வந்துச்சுன்னா அம்மாவுக்குத் தூக்கிட்டு ஓடச் சொலபமா இருக்கும்ல."

"என்ன திரும்ப வந்தா?"

"தண்ணி."

நான் பேசவில்லை. என் வாழ்க்கையில் எண்ணி நாலைந்து முறைதான் அப்படி நடந்திருக்கும். அவளே சொன்னாள். "அன்னிக்கி அம்மா என்னைத் தூக்கிக்கிட்டு ஓடுனிச்சு. அதான் தம்பிய விட்டுடிச்சு. பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லாரும் வந்திருந்தாங்கல்ல, நாங்க கல்யாண மண்டபத்துல தங்கியிருந்தப்ப. அம்மாவே அத்தைகிட்ட சொல்லிச்சு. பெரியவ கனம் தாங்கல, சின்னவன் கை நழுவிடிச்சுன்னு. நான் தூங்குறேன்னு நெனச்சுச்சு."

"உன்னைத் தூக்கிட்டு ஓடுனது உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. இடுப்புல இருந்தேன்." பிறகு, குற்றம் சாட்டுகிற குரலே இல்லாமல், "அப்புறம் நீங்களும் சொன்னீங்க, வலை தாங்காதுன்னு" என்றாள்.

மூன்று வருடம் இந்தப் பிள்ளை இதைச் சுமந்துகொண்டு என் வரிசையில் வந்து நின்றிருக்கிறது. நான் கூவிக் கூவி விற்றிருக்கிறேன். எனக்கு என் மேல் வந்த கோபத்தை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அவள் அம்மா வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். போய் எதிரே நின்று, "புள்ள காது கேக்க என்ன பேச்சு பேசியிருக்க நீ? தன் கனந்தான் தம்பியக் கொன்னுச்சுன்னு அது தன்னையே கொன்னுக்கிட்டிருக்கு" என்று படபடவென்று கொட்டிவிட்டேன். இதையும் நல்ல நடைமுறை என்று குறித்துக்கொள்ளாதீர்கள். இது என்னுடைய இன்னொரு தப்பு.

அந்தப் பெண் முதலில் என்னைப் பார்த்தாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அதை எடுத்துவிட்டு, "நான் அவளத் தூக்கவே இல்ல நர்ஸம்மா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அவ எனக்கு முன்னாடியே ஓடிட்டா. பள்ளிக்கூடத்து மாடியில போய் நின்னுட்டா. என் கையில ஒத்தப் புள்ளதான் இருந்துச்சு. அவனையும் விட்டுட்டேன். தண்ணி இழுத்துச்சு, கை தொறந்துடிச்சு. அவரு கடல்லேருந்து வந்து கேட்டாரு, எப்புடி விட்டேன்னு. வந்தவங்க எல்லாரும் கேட்டாங்க. கையில இருந்த ஒரே ஒரு புள்ளையப் புடிச்சு வச்சுக்க முடியலன்னு எப்புடிச் சொல்லுறது? ரெண்டு பேரையும் தூக்கிக்கிட்டு ஓடுனேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் யாரும் கேக்கல."

இங்கேதான் என் புத்திக்குச் சோதனை. என் கால் வார்டுப் பக்கம் திரும்பிவிட்டது. உள்ளே போய், "அடியே, உன்னை யாருமே தூக்கல, பொய்யி, எழுந்து சாப்புடு" என்று கத்தினால் விஷயம் முடிந்தது என்று தோன்றியது. பிள்ளையின் நாடி வேறு என் கண்ணுக்குள்ளேயே இருந்தது, ஒரு நாளைக் கூட வீணாக்க எனக்குப் பயம். அந்தப் பெண் என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "நானே சொல்றேன். ஆனா இப்பவே முடியாது. முதல்ல அவருகிட்ட சொல்லணும்" என்றாள். பிள்ளைக்கு டிரிப் ஓடுகிறது, வார்டில் ஆள் இருக்கிறது, இரண்டு மூன்று நாள் தாங்கும் என்று ட்யூட்டி டாக்டர் சொல்லியிருந்தார். நான் போய்ச் சொன்னால் அது என் வாயிலிருந்து வருகிற இன்னொரு கூச்சல். கோமதி நம்ப மாட்டாள். நம்பினாலும், அம்மா பொய் சொன்னாள் என்பதை ஊரார் சொல்லித் தெரிந்துகொண்ட பிள்ளையாகிவிடுவாள். அந்த அம்மாவுக்கும் மகள் முகத்தைப் பார்க்க முடியாது. உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. வீட்டில், "எனக்கு ஒரு விஷயம் தெரியும், ஆனா உங்ககிட்ட சொல்ல முடியாது" என்றேன். என் வீட்டுக்காரர் பயந்துபோய் ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மூன்றாம் நாள் காலை அவள் வந்தாள். கூடை இல்லை. தலை வாரி, துவைத்த புடவை கட்டியிருந்தாள். கையில் ஒரு டிபன் பாக்ஸ். "அவருகிட்ட சொல்லிட்டேன்" என்றாள்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. வலைய மடியில போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. அப்புறம், புள்ளகிட்டயும் சொல்லிடுன்னாரு." உள்ளே போகும்போது என் கையைப் பிடித்து, "நீங்களும் இருங்க நர்ஸம்மா, நான் பாதியில ஓடிடுவேன்" என்றாள்.

கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டாள். மகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கோமதி நம்பவில்லை. "இல்லம்மா, நான் உன் இடுப்புலதான் இருந்தேன்" என்றாள்.

"நீ ஓடுனடி. உன் காலால ஓடுன."

"இல்ல."

அவள் அம்மா எழுந்து, போர்வையை விலக்கி, மகளின் வலது காலைத் தூக்கி உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினாள். குதிகாலிலிருந்து நடுக்கால் வரை பழைய தையல் தழும்பு. "இது எப்பக் கிழிஞ்சுச்சு? அன்னிக்கித்தானே கிழிஞ்சுச்சு. தகரத்து மேல ஓடிக் கிழிச்சுக்கிட்ட. கேம்ப்புல தையல் போட்டாங்க. என் இடுப்புல இருந்திருந்தா உள்ளங்கால் எப்புடிடி கிழியும்?"

கோமதி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் கழுவுகிற கால். விரலால் அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் ரொம்பச் சின்னக் குரலில் கேட்டாள்.

"தம்பி கனமா இருந்தானாம்மா?"

"இல்லடி" என்றாள் அவள் அம்மா. "லேசாத்தான் இருந்தான். ஒரு கனமும் இல்ல."

அதுவரைக்கும் அழாமல் இருந்தவள் அப்போது உடைந்துபோய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அழுதேன், அழகாக எல்லாம் இல்லை, மூக்கைச் சிந்திச் சிந்தி. கோமதி அழவில்லை. கட்டிலிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கி அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "நீ சாப்ட்டியா?" என்று கேட்டாள். அவள் அம்மா இல்லை என்று தலையாட்டினாள். முந்தின நாளிலிருந்தே சாப்பிடவில்லையாம். டிபன் பாக்ஸைத் திறந்து, ஒரு இட்லியைப் பிட்டு அம்மாவிடம் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதிப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு கோமதி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சாப்பிட்டாள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து எழுந்துவிடாதீர்கள். அன்றைக்கு அரை இட்லி, அவ்வளவுதான். மனசு ஒப்புக்கொண்டதை உடம்பு அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ளாது. வாராவாரம் அந்த டாக்டரிடம் கூட்டிப் போனோம், ஒன்றரை வருடம். நடுவில் இரண்டு தடவை பழையபடி சறுக்கினாள். ஒரு தடவை மறுபடியும் சேர்க்க வேண்டியிருந்தது. அப்போதெல்லாம் திட்டக் கூடாது, கெஞ்சக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து நாம் பாட்டுக்குச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற வேலை எனக்கு நன்றாக வந்தது, அதற்கென்றே பிறந்தவள் மாதிரி செய்தேன்.

ஏலத்தை நிறுத்திவிட்டேன். மிஷினைத் திருப்பி வைத்து, முள் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி, ஒவ்வொரு பிள்ளையாக அறைக்குள் கூப்பிட்டுப் பார்த்து, பேசாமல் எழுதிக்கொண்டேன். பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம். "நான் இப்ப என்ன மீனு நர்ஸம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "நீ மீனு இல்ல, ஆறாங்கிளாசு, கணக்குப் போடு போ" என்று விரட்டினேன். சிரிக்க வைக்க வேண்டும் என்றால் என் மொபெட்டைப் பற்றிச் சொன்னேன். நீங்களும் பிள்ளைகளைச் சிரிக்க வையுங்கள், அது நம் வேலைதான். உங்கள் உடம்பை வைத்துச் சிரிக்க வையுங்கள், அவர்கள் உடம்பைத் தொடாதீர்கள். குண்டு என்றாலும் தொடாதீர்கள், இளைத்துவிட்டாய் என்று பாராட்டுகிற சாக்கிலும் தொடாதீர்கள். எந்தப் பிள்ளை அதை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளும் என்று உங்களுக்குத் தெரியாது.

அடுத்த வருடம் சுனாமி நினைவு நாள். வழக்கம் போலக் குப்பமே காலையில் பூவும் பாலும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனது. நானும் போனேன். கோமதி அவள் அம்மா பக்கத்தில் நின்றாள், ஸ்வெட்டர் இல்லாமல். பாலை ஊற்றி முடித்து எல்லாரும் மணலில் உட்கார்ந்திருந்தபோது, யாரோ ஒரு சொந்தக்காரப் பெண் பழைய பேச்சை எடுத்தாள். "ரெண்டையும் தூக்கிக்கிட்டு ஓடுனியே, பாவி, உன்னால முடிஞ்சதை நீ செஞ்சே" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

கோமதியின் அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நான் இவளத் தூக்கல. இவ தானா ஓடுனா. என் கையில ஒத்தப் புள்ளதான் இருந்துச்சு, அதைத்தான் விட்டேன்" என்றாள்.

நான் எழுந்து ஏதாவது சொல்லி அவளைக் காப்பாற்றலாமா என்று வாயைத் திறந்து, திரும்ப மூடிக்கொண்டேன். அப்போது பின்னால் உட்கார்ந்திருந்த, அவளைப் போலவே பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி தலையைக் குனிந்தபடியே சொன்னாள்.

"என் கையிலயும் ஒண்ணுதான் இருந்துச்சு."